அறுநூறு பேருக்குச் சமைத்தவரின் ராத்திரிச் சாப்பாடு

கம்பித் தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரரை எல்லோரும் அண்டா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்கிறவர் முதல் வாரம் 'சார்' என்பார். அடுத்த வாரம் அது 'அண்டா அண்ணே' ஆகிவிடும். ஆள் ஒன்றும் பருமன் கிடையாது. பஸ்ஸில் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத சாதாரண உடம்பு. பெயர் வந்தது கையால். மூட்டையாக அரிசி, கூடை கூடையாக வெங்காயம், குவளை குவளையாக உப்பு என்று அறுநூறு பேருக்கு ஆக்கிப் போட்டுப் பழகிய கை அது. நெஞ்சுயரத் துடுப்பால் கிளறிக்கொண்டே ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் அரைக் குவளை" என்பார். அரைக் குவளை போட்டால் சரியாக வந்துவிடும். அதில் யாரும் அவரோடு வாதம் பண்ணியது கிடையாது.

அந்தக் கை வீட்டு அடுப்பைத் தொட்டதே இல்லை. மனைவி விடவில்லை. "ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு வர்றீங்க, இங்கயும் வந்து நிக்கணுமா? போய்க் காலை நீட்டி உக்காருங்க" என்பாள். உண்மையான காரணம் வேறு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று உள்ளே போனவர், அவள் குளித்துவிட்டு வருவதற்குள் வீட்டிலிருந்த தக்காளி அத்தனையையும் நறுக்கி வைத்துவிட்டார். அன்றோடு சமையலறைக் கதவு அவருக்கு மூடப்பட்டது.

வீட்டில் மூன்றாவது ஆள் மச்சினன், மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். "ஒரு வாரம் தங்கி வேலை தேடிக்கிறேன்" என்று பையும் கையுமாக வந்தவன். வேலை கிடைத்தது, சம்பளம் உயர்ந்தது, தலையில் நரைகூட எட்டிப் பார்த்தது. அந்த ஒரு வாரம் மட்டும் முடிந்தபாடில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு ஓயாது. அத்தானுக்கும் மச்சினனுக்கும் சண்டையும் கிடையாது, பேச்சும் கிடையாது. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, குழாய்ல தண்ணி சொட்டுதுன்னு அத்தான்கிட்ட சொல்லு" என்பான் அவன். "நாளைக்கு ஆளக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லு" என்பார் இவர். நடுவில் நின்று அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?"

மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் திரும்பி வரவில்லை. உறவுக்காரர்கள் இருந்தவரை யாராவது எதையாவது சமைத்து வைத்தார்கள், அல்லது கொண்டு வந்தார்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை மாலை, ஆண்கள் இரண்டு பேரும் வேலையிலிருந்து வந்து, விளக்குப் போடாத சமையலறைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். சமையல்காரர் வேறு என்ன சொல்வார்?

உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் பொம்மைச் சாமானாகத் தெரிந்தது. கரண்டி விரல் நீளம். வாணலியைத் தூக்கினால் கை தன்பாட்டுக்கு மேலே போயிற்று, கனமே இல்லை. தேடிப் பிடித்து வீட்டிலேயே பெரிய பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தார். அது அடுப்பை முழுசாக மறைத்தது. அரிசியைக் குறைத்துத்தான் போட்டார், பருப்பையும் குறைத்துத்தான் போட்டார். அறுநூறிலிருந்து குறைத்துக்கொண்டே வந்தவருக்குப் பத்துப் பன்னிரண்டுக்குக் கீழே இறங்க வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை சாப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அதையே சூடு பண்ணிச் சாப்பிட்டார்கள். புதன்கிழமை தண்ணீர் விட்டு நீட்டி மறுபடியும். வியாழக்கிழமை தட்டில் விழுந்ததைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த மச்சினன், யாரைப் பார்த்தும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னான்:

"திங்கக்கிழமை பொறந்த பருப்பு. இன்னைக்கு மீசை முளைச்சு நிக்குது."

அவருக்குச் சுருக்கென்றது. "பிடிச்சா சாப்பிடு, பிடிக்கலன்னா எழுந்து போ. உங்க அக்கா குடுத்த செல்லம் இது" என்றார். மச்சினன் எழுந்து போகவில்லை. முழுசாகச் சாப்பிட்டான், தட்டைக் கழுவிக் கவிழ்த்தான், மறுநாள் முதல் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு ஒருவருக்காகச் சமைக்க வேண்டியதாயிற்று. அது இன்னும் மோசம். அளவைக் குறைத்துப் பார்த்தார். ருசி கைக்கு அகப்படவில்லை. கேன்டீனில் எண்ணெய் காய்வதற்கே அரை ஷிஃப்ட் ஆகும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அதனால் முதலில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத்தான் அங்கே மற்ற வேலை. அதே பழக்கத்தில் வீட்டிலும் எண்ணெயை ஊற்றிப் பற்ற வைத்துவிட்டு வெங்காயத்தைத் தேடுவார். தோலை உரிப்பதற்குள் வாணலி புகைந்து கண் எரியும். அவசரத்தில் போட்ட வெங்காயம் ஒரு பக்கம் கரியும், ஒரு பக்கம் பச்சையாக நிற்கும். ஒரு முட்டையில் போட்ட உப்பைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். அந்த முட்டையை வாயில் வைத்தபோது சிரிப்புப் போய்விட்டது.

யாரிடம் போய்ச் சொல்வது? ஊரெல்லாம் சாப்பிட்டு ஏப்பம் விடுகிற கைக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியவில்லை என்றால் காறித் துப்ப மாட்டார்களா? கேன்டீனில் மிஞ்சியதை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். காலையிலிருந்து மூக்கில் ஏறிய அதே வாசனை. மூடியைத் திறந்ததும் வயிறு மூடிக்கொண்டது. கடைசியில் ரொட்டியும் வாழைப்பழமும் என்று ஆயிற்று. சட்டை தொளதொளத்தது. "என்ன அண்ணே, சமையல்காரருக்கே சாப்பாடு எட்டலையா?" என்று கேட்டார் கேன்டீன் ஸ்டோர் கீப்பர். "வயசாகுதுல்ல" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மச்சினன் முதன்முறையாக நேருக்கு நேர் பேசினான்.

"அத்தான், எங்க கம்பெனி டெப்போ பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். ஒண்ணாம் தேதி போயிடலாம்னு இருக்கேன். அக்கா இருந்தவரைக்கும் சரி. இனிமே உங்களுக்கும் எதுக்குத் தொந்தரவு?"

"உன் இஷ்டம்" என்றார். போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, போய் வா என்று சொல்லவும் வரவில்லை.

ஒண்ணாம் தேதிக்கு முன்பே விஷயம் திசை மாறியது. ஏதோ ஒரு அடுக்கு வீட்டில் லிஃப்ட் கதவைச் சரி பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சினனின் வலது கை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் எலும்பு முறிவு, புறங்கையில் தையல். கூட வேலை பார்க்கிற ஆள் ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனார். மணிக்கட்டுக்கு மேல்வரை வெள்ளைக் கட்டு. டாக்டர் கையை அசைக்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். சாமான் கட்டவும் முடியாது, ரூமுக்குப் போகவும் முடியாது. இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, அவர் பக்கத்தில் போய்ப் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

"என்ன சாப்பிடுற?" என்று கேட்டார் பிறகு.

"எதுவானாலும் சரி. அளவா இருந்தா போதும்."

குத்தல்தான். ஆனாலும் அவர் சமையலறைக்குப் போனார். மச்சினன் பின்னாலேயே வந்து, கதவுக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தான். அவன் அங்கே உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. ஆனால் பல வருஷம் உட்கார்ந்து பழகியவன் மாதிரி, பார்க்காமலே முதுகைச் சுவரின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சாய்த்தான்.

அவர் எண்ணெய் பாட்டிலை எடுத்தார்.

"அத்தான், மொதல்ல வெங்காயத்த வெட்டுங்க. அப்புறம் அடுப்பு."

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

"நான் எங்க சொல்லித் தர்றேன்? அக்கா அப்படித்தான் செய்வா. எல்லாத்தையும் வெட்டி வச்சுட்டுத்தான் தீப்பெட்டியவே தேடுவா. தீப்பெட்டியத் தேட அவளுக்கு அதவிட நேரமாகும், அது வேற விஷயம்."

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். வெங்காயம் ஒன்று, தக்காளி இரண்டு. கத்தி பிடித்தால் அவர் கை யாருக்கும் சளைத்ததல்ல. கண் சிமிட்டும் நேரத்தில் பொடியாகக் குவிந்தது. மூன்றாவது தக்காளிக்குக் கை போனபோது மச்சினன் தொண்டையைச் செருமினான். கை திரும்பி வந்தது. அரிசிக்கு அவர் பாத்திரத்தோடு சாய்க்கப் போக, "அந்த நசுங்கின டம்ளர் இருக்கு பாருங்க, அதுல ஒண்ணு" என்றான். சன்னலோரம் நசுங்கிப் போன ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது. தூக்கிப் போட வேண்டிய சாமான் என்று அவர் அதை ஏற்கெனவே ஒருமுறை குப்பைப் பக்கம் நகர்த்தியிருந்தார்.

"இது அரிசி அளக்குறதா?"

"அக்காவுக்கு அதான் கணக்கு. மூணு பேருன்னா ஒண்ணரை. ரெண்டு பேருன்னா ஒண்ணு."

தக்காளி வதங்கிக் குழைந்ததும் இரண்டு முட்டையை உடைத்து அதன் மேலேயே விட்டு மூடி வைத்தார். உப்பு டப்பாவைத் திறந்தவுடன் மச்சினன் முக்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "நிறுத்துங்க, நிறுத்துங்க. மூணு விரல்ல எடுங்க. அதுல பாதிய டப்பாவுலயே போடுங்க." அவர் பாதியைத் திருப்பிப் போட்டார். கொஞ்சம் மிளகுப் பொடி. சூடான சோற்றின் மேல் முட்டையும் தக்காளியுமாகச் சரித்து, இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தார்.

மச்சினன் ஒரு வாய் வைத்தான். அவர் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல" என்றான். பிறகு, "நல்லாவே இருக்கு" என்றான்.

பாத்திரத்தில் எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சாத பாத்திரத்தை அவர் வீட்டில் அன்றுதான் கழுவினார்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. வாய் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. மச்சினன் ஒரு நாளும் சமைத்தவன் இல்லை. ஆனால் அந்த முக்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, அன்றைக்கு எந்தக் கட்டிடத்தில் எந்த லிஃப்ட் யாரோடு நின்றது என்று அக்காவிடம் கதை அளந்தபடியே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவனிடமிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வேலை நாளில் அவள் ராத்திரிக்கு ஒன்றுதான் செய்வாள்; ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு. களைப்பான நாளில் பருப்பும் கீரையும் அரிசியும் ஒன்றாகவே வேகும். பாதி வெங்காயம் மிஞ்சினால் கவிழ்த்த கிண்ணத்துக்கடியில் நாளைக்கு இருக்கும். பிரெட் காய்ந்து போனால் முட்டையில் தோய்த்துப் பொரிப்பாள். கோழி வாங்கினால் முதல் நாள் வறுவல், எலும்பு மறுநாள் சூப்.

"ஒண்ணுதானா? எனக்குத் தினமும் ரெண்டு மூணு இருந்த மாதிரில்ல ஞாபகம்" என்றார் அவர்.

"எலுமிச்சம்பழத்தத் துண்டு போட்டு ஒரு கிண்ணத்துல வைப்பா. வெள்ளரிக்காய ஒரு கிண்ணத்துல வைப்பா. உங்களுக்குக் கிண்ணம் கிண்ணமா இருந்தா விருந்துன்னு நெனச்சுக்குவீங்களாம். அவளே சொன்னா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். கிண்ணங்கள் ஞாபகம் இருந்தன. உள்ளே என்ன இருந்தது என்று ஞாபகம் இல்லை.

மச்சினன் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்றும் இல்லை. ஒரு நாள் பீன்ஸும் உருளைக்கிழங்கும் ஒன்றாகப் போட்டு வதக்கச் சொன்னான். பீன்ஸ் குழைந்து போயிற்று, கிழங்கு கல்லாக நின்றது.

"அக்கா இப்படித்தான் செய்வா."

"உங்க அக்கா கிழங்க மொதல்ல போட்டிருப்பா. நீ அப்ப லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்ட கதைய விட்டுட்டு இருந்திருப்ப."

"இருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டான். கிழங்கைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, தண்ணீர் தெளித்து மூடி, அவர் அதைக் காப்பாற்றினார். அது மாதிரி சமயங்களில் அவருடைய தொழில் கைகொடுத்தது. எந்தக் காய் எந்தக் காய்க்கு முன்னால் வேகும், எது தண்ணீர் விடும், எது குடிக்கும் என்பதெல்லாம் அறுநூறு பேருக்கும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார். "பாவம், எனக்காகத் தினமும் காத்திருந்து, எனக்குப் போட்டுட்டு, அப்புறந்தான் சாப்பிடுவா. பசிக்கும்னுகூட நான் ஒரு நாள் கேட்டதில்ல."

மச்சினனின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"யாரு காத்திருந்தா?"

"உங்க அக்காதான். 'நீங்க சாப்பிடுங்க, எனக்கு அப்புறம்'னு சொல்லுவாளே."

"அத்தான், நான் வேலை விட்டு வந்த உடனே நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுடுவோம். சட்டியிலேர்ந்து எடுத்துச் சுடச்சுட. நீங்க வர்ற பஸ்ஸு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அதுக்கெல்லாம் அக்கா பசி தாங்க மாட்டா."

"அப்ப அந்த 'அப்புறம்'?"

"அது மறுநாள் சாயங்காலம்."

அவருக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "கள்ளி. இத்தனை வருஷமா நான் ரெண்டு வாய் வேகமாச் சாப்பிடுவேன், அவ பசியோட நிக்கிறாளேன்னு" என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தினார். அதற்கு மேல் வந்தது சிரிப்பா அழுகையா என்று மச்சினனுக்குத் தெரியவில்லை. அவன் இடது கையால் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினான். அவள் போன பிறகு அவர் மனசு விட்டு அழுதது அன்றுதான். சாப்பாடு ஆறிப் போயிருந்தது. இரண்டு பேரும் அதை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார்கள்.

கட்டு அவிழ்த்தார்கள். விரல் முதலில் விறைத்து நின்றது. மாவு பிசைகிற சாக்கில் அவனே அதைப் பழக்கினான். ரூம்காரர் மறுபடி போன் பண்ணினார். அத்தான் இதற்குள் மச்சினன் போக மாட்டான் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். ஆனால் மச்சினன் போகத்தான் செய்தான். டெப்போவுக்கு இங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். அதிகாலையில் லிஃப்ட் நின்றால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"கோவிச்சுக்கிட்டுப் போகல அத்தான். அது அப்ப. இப்ப நிஜமாவே தூரத்துக்காகத்தான்."

"தெரியுது. அடுப்பு இருக்கா அங்க?"

"ஒண்ணு இருக்கு."

"ஒண்ணு போதும்." அவர் உள்ளே போய் வாணலியையும் அதன் மூடியையும் எடுத்து, பழைய துண்டில் சுற்றி, அவன் பையில் வைத்தார். "புதன்கிழமை எனக்கு சீக்கிரம் முடியும். ஒரு வாரம் நீ வா, ஒரு வாரம் நான் வர்றேன்."

மச்சினன் போன முதல் மாலை, ஒருவருக்கான சாப்பாட்டை அவர் தவறில்லாமல் செய்தார். அரை டம்ளர் அரிசி, கொஞ்சம் கீரை, ஒரு முட்டை. எல்லாம் சரியாக வந்தது. உட்காருவதுதான் வரவில்லை. அடுப்பு மேடை ஓரமாக நின்றபடியே பாத்திரத்திலிருந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஏனோதானோவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவருக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. கேன்டீனில் ஒருவர் தட்டில்லாமல் நின்றுகொண்டு சாப்பிட்டால் விடுவாரா? தட்டை எடுத்து வைத்தார். ஒரு கிண்ணத்தில் வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தார். உட்கார்ந்து, ரேடியோவில் செய்தி கேட்டபடி, நிதானமாகச் சாப்பிட்டார். செய்தி முடிவதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிட்டது. இருந்தாலும் எழுந்து போகாமல் வானிலை அறிக்கை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

வாரக் கடைசியில் பாத்திரக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா பெரிய வாணலியாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

"இவ்வளவு பெருசு வேணாம்மா."

"வீட்ல எத்தன பேரு?"

"நான் ஒருத்தன்தான். புதன்கிழமையில ரெண்டு."

அவள் மேல் தட்டிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார், அடியைத் தட்டிப் பார்த்தார், கைப்பிடி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். கனம் சரியாக இருந்தது.

"மூடி உண்டா இதுக்கு?"

"மூடி தனியா வாங்கணும்."

"குடுங்க. மூடி இல்லாம முட்டை வேகாது" என்றார்.